வாடுவதும் வாட்டப்படுவதும்: ஆங்கிலச் செயப்பாட்டுவினைக்கு மூன்று வழிகள்

இராமன் இராவணனைக் கொன்றான். இராவணன் இராமனால் கொல்லப்பட்டான். என் தலைமுறையில் ஆங்கிலம் படித்தவர்களுக்குச் செயப்பாட்டுவினை என்றதும் நினைவுக்கு வருவது இந்தக் கொலைதான். இராவணன் சீதையைச் சிறைவைத்த இடம் என்று சொல்லப்படும் சீதா எலியப் பக்கமிருந்து வந்த மாணவன் ஒருவன் ஒருமுறை எழுந்து, "ஒவ்வொரு வகுப்பிலும் இவரையே ஏன் கொல்கிறோம், டீச்சர்?" என்று கேட்டான். சிரித்துவிட்டு உட்காரச் சொன்னேன். அவன் கேட்டதற்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப்புறப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் இந்தப் பாடத்தை மூன்று வழிகளில் நடத்திப் பார்த்திருக்கிறேன். ஒன்று, எல்லோரும் அறிந்த மாற்று வாய்பாடு. இரண்டு, தமிழ் இலக்கணத்தைப் பாலமாக்குவது. மூன்று, தேயிலை ஸ்டோரிலிருந்து தொடங்குவது. வெளியூர் வாசகருக்காக ஒரு வார்த்தை: தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். மூன்றையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, யாரும் கேட்காமலே, பிள்ளை தன் கட்டுரையில் அதைச் சரியான இடத்தில் பயன்படுத்துகிறதா?

வாய்பாட்டை எல்லோரும் திட்டுகிறார்கள். நான் முழுதாகத் திட்டமாட்டேன். கரும்பலகையில் மூன்று கட்டம், குறுக்கே இரண்டு அம்புக்குறி, முன்னது பின்னே, பின்னது முன்னே, நடுவில் 'பீ' வினையின் ஒரு வடிவம், முதன்மை வினையின் மூன்றாம் வடிவம், கடைசியில் 'பை'. நாற்பது பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்த வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில், வேறு கருவி எதுவும் இல்லாமல் இதை நடத்திவிடலாம். தன் ஆங்கிலத்திலேயே முழு நம்பிக்கை இல்லாத ஆசிரியரும் தடுமாறாமல் நடத்தலாம். மலையகத்தில் இது சிறிய நன்மை அல்ல. ஆங்கில ஆசிரியர் இடம் காலியாகவே கிடந்த பாடசாலைகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வடிவங்களை மனத்தில் பதிய வைக்கவும் இதைவிட வேகமான வழி இல்லை.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு வாக்கியமும் ஒன்றுதான், உருவம் மட்டுமே வேறு என்று வாய்பாடு பிள்ளையை நம்ப வைக்கிறது. நம்பிய பிள்ளை என்ன செய்யும்? 'என் அம்மா' என்ற கட்டுரையில் 'மை மதர் இஸ் லவ்ட் பை மீ' என்று எழுதும். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பிள்ளையும் தன் தாயைப் பற்றி அப்படிப் பேசாது. இன்னொன்று, வாய்பாட்டில் 'பை' கட்டாயம்போல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. உண்மையில் ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியங்களில் ஐந்தில் நான்கு அளவுக்குச் செய்தவர் சொல்லப்படுவதே இல்லை. எது அபூர்வமோ அதைத்தான் நாம் விதியாகக் கற்பிக்கிறோம். அன்றாட உரையாடலில் நூறு வினைகளுக்கு இரண்டு அளவில்தான் செயப்பாட்டு வடிவம் வருகிறது. ஆய்வு எழுத்திலோ நான்கில் ஒன்று. ஆகவே 'ஐ ஈட் ரைஸ்' என்பதைத் திருப்பிப் போடச் சொல்வது, குடையைப் பிடிக்கக் கற்பிக்க வெயிலும் மழையும் இல்லாத அறையைத் தேர்ந்தெடுப்பது போன்றது.

இரண்டாவது வழிக்குப் போனது இதனால்தான். தமிழில்தான் செய்வினையும் செயப்பாட்டுவினையும் இருக்கின்றனவே! 'கொன்றான், கொல்லப்பட்டான்' என்று காட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். முதல் வாரம் வகுப்பே பிரகாசமாக இருந்தது. இரண்டாம் வாரம் பயிற்சிக் கொப்பிகள் வந்தன.

'த லேண்ட்ஸ்லைட் வாஸ் ஒக்கர்ட்.' 'ஐ வாஸ் விஷ்ட் டு பிகம் எ நர்ஸ்.' 'மை ஃபாதர் வாஸ் சஃபர்ட் எ லொட்.'

இவை கவனக்குறைவால் வந்த பிழைகள் அல்ல. பிள்ளைகள் நான் சொன்னதை அப்படியே செய்திருந்தார்கள். மண்சரிவு ஏற்பட்டது. தாதியாக ஆசைப்பட்டேன். அப்பா கஷ்டப்பட்டார். எல்லாவற்றிலும் ஒரு 'பட்டது' இருக்கிறது. 'படு' வந்தால் 'வாஸ்' போடு என்று நான்தான் கற்பித்திருந்தேன். ஒருத்தி பஸ் புறப்பட்டதையும் விட்டுவைக்கவில்லை. தமிழில் 'படு' செயப்பாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. அனுபவிப்பதற்கும் அதுதான், நிகழ்வதற்கும் அதுதான், கிளம்புவதற்கும் அதுதான். போதாக்குறைக்கு, ஆங்கிலம் செயப்பாட்டுவினை கேட்கும் பல இடங்களில் தமிழ் அதைத் தொடுவதே இல்லை. 'கதவு பூட்டியிருக்கிறது' என்கிறோம். பூட்டப்பட்டிருக்கிறது என்று அலுவலகக் கடிதத்தில்தான் எழுதுகிறோம். 'அம்மா தைத்த சட்டை' என்றால் போதும். மண்சரிவுச் செய்தியில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) 'புதையுண்டன' என்று வந்தால் 'உண்' அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 'ஆல்' உருபும் இப்படித்தான். மழையாலும் ஆல், கத்தியாலும் ஆல், கணக்கப்பிள்ளையாலும் ஆல். பிள்ளை எல்லாவற்றுக்கும் 'பை' போட்டு, கத்தியையே குற்றவாளியாக்கிவிடுகிறது.

அப்படியானால் தமிழ்ப் பாலத்தை உடைத்துவிடலாமா? உடைக்கத்தான் இருந்தேன். ஆனால் பாலம் சரியாகவே இருந்தது. நான்தான் தவறான இடத்தில் கட்டியிருந்தேன். இதைக் காட்டித் தந்தது ஸ்டோர்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வரிசை அது. கொழுந்து பறிக்கிறார்கள், நிறுக்கிறார்கள், லொறியில் ஏற்றுகிறார்கள், மேல்மாடியில் நீளத் தட்டுகளில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், புளிக்க வைக்கிறார்கள், சூடேற்றி உலர்த்துகிறார்கள், சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது செயப்பாட்டுவினை தானாக வந்து நிற்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'தே' என்று எழுவாய் போட்டுப் பாருங்கள். நான்காவது வாக்கியத்தில் உங்களுக்கே சலிப்புத் தட்டும். பேச்சு கொழுந்தைப் பற்றியது, கொழுந்து முன்னே நிற்கட்டும்.

அங்கேதான் 'வித்தர்' என்ற சொல்லில் ஒருவன் இடறினான். பாடநூல் வாக்கியம் ஒன்றில் இலைகள் வெறுமனே 'வித்தர்' ஆகின்றன. ஸ்டோர் வாக்கியத்திலோ 'ஆர் வித்தர்ட்'. எது சரி என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மரத்தில் இருந்தால் வாடும். ஸ்டோரில் வாட்டுவார்கள்."

அந்த ஒரு வரிக்கு முன்னால் என் முழுப் பாடக்குறிப்பும் வீண். ஆங்கிலம் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறது. தமிழ் வாடு, வாட்டு என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. உருள், உருட்டு. நிரம்பு, நிரப்பு. நட, நடத்து. ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய சோதனை 'படு' இருக்கிறதா என்பது அல்ல. அந்த 'பட்டது' எடுத்துவிட்டால் வாட்டு போன்ற, ஒருவர் இன்னொன்றுக்குச் செய்யும் வினை மிஞ்சுகிறதா என்பதே. கூட்டம் நடந்தது என்றால் 'ஹேப்பண்ட்' அல்லது 'டுக் ப்ளேஸ்', 'வாஸ்' கிடையாது. கூட்டம் நடத்தப்பட்டது என்றால் 'வாஸ் ஹெல்ட்'. 'ஏற்பட்டது' என்பதில் பட்டதை எடுத்தால் 'ஏற்' என்று ஒரு துண்டுதான் மிஞ்சும். மண்சரிவை யாரும் ஏற்கவில்லை. 'இறந்தார்' என்பதில் எடுப்பதற்கு 'பட்டது' என்பதே இல்லை, எனவே 'வாஸ் டைட்' என்று ஒருபோதும் வராது. இதைச் சொன்ன பிறகு 'வாஸ் ஒக்கர்ட்' ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதிய பிள்ளையே அடித்துவிட்டுத் திருத்துகிறது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சீதா எலிய மாணவனுக்கான பதிலும் இங்கேதான் கிடைத்தது. தமிழில் 'இராவணனை இராமன் கொன்றான்' என்று தாராளமாகச் சொல்லலாம். இராவணன் முன்னே வந்தாலும் அந்த ஐகாரம் அவனை அடையாளம் காட்டிவிடும். ஆங்கிலத்தில் ஐகாரம் இல்லை, இடம்தான் உருபு. இருவரையும் இடம் மாற்றினால் இராமாயணமே தலைகீழாகிவிடும். இராவணனைப் பற்றிப் பேசவேண்டும், அவனை முன்னே வைக்கவேண்டும், ஆனால் அவன் கொல்லப்பட்டவனாகவே இருக்கவேண்டும் என்றால் ஆங்கிலத்துக்கு இந்த வினைவடிவம் தேவைப்படுகிறது. வாய்பாடு இந்தக் காரணத்தைச் சொல்வதே இல்லை, வேலையை மட்டும் செய்யச் சொல்கிறது.

ஸ்டோர் வழிக்கும் குறைகள் உண்டு. தயாரிப்பு அதிகம். எல்லாம் நிகழ்காலத்திலேயே ஓடுவதால் இறந்தகாலத்துக்கு வேறு பொருள் தேடவேண்டும். இன்றைய பிள்ளைகளில் பலர் ஸ்டோருக்குள் கால் வைத்ததே இல்லை; சுற்றுலாப் பயணி உள்ளே போய்ப் பார்த்துத் தேநீர் குடித்துவிட்டு வருகிறார், கொழுந்து பறிப்பவரின் மகள் வாசலில் நிற்கிறாள். இன்னொரு குறை பெரியது. 'லீவ்ஸ் ஆர் ப்ளக்ட்' என்று எழுதும்போது பறித்தவர் மறைந்துபோகிறார். ஒரு பிள்ளை நேராகவே கேட்டாள்: "இதில் அம்மா எங்கே, டீச்சர்?"

அதிலிருந்துதான் இப்போது நான் மிகவும் நம்பும் பயிற்சி வந்தது. ஒரே நாள், ஒரே வேலை, இரண்டு பந்திகள். முதலாவது கொழுந்தைப் பற்றி. இரண்டாவது அம்மாவைப் பற்றி: அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எந்த மலையில் பறித்தார், நிறுவையில் எத்தனை கிலோ வந்தது, முழுப் பெயர் (முழு நாள் கூலி) போட்டார்களா, அரைப் பெயரா. முதல் பந்தி செயப்பாட்டில் ஓடும், இரண்டாவது செய்வினையில் ஓடும். எங்கே எதைப் போடுவது என்று நான் சொல்வதில்லை.

பத்தாம், பதினோராம் வகுப்பில் இறந்தகாலத்துக்கு எங்கள் வரலாறே போதும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இங்கே 'பை ஜேம்ஸ் டெய்லர்' தேவைப்படுகிறது, ஏனெனில் யார் என்பதுதான் செய்தி. 'பை வர்க்கர்ஸ்' என்று போட்டால் செய்தி எதுவும் சேர்வதில்லை என்று இலக்கணம் சொல்லும். அந்த ஏக்கர்களில் குழி வெட்டியது யார் என்று வகுப்பு கேட்கும். இரண்டையும் கேட்க விடுகிறேன். தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். யார் கொண்டுவந்தது? 1948இல் அவர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. எதனால்? அந்த ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவுசெய்யப்பட்டது. அந்த மக்களை யாராவது கேட்டார்களா? ஒவ்வொன்றிலும் 'பை' இடத்தை நிரப்பச் சொன்னால், செய்தவரை மறைப்பதும் காட்டுவதும் எழுதுபவர் எடுக்கும் முடிவு என்பது தனியாக விளக்காமலே புரிகிறது. எட்டாம் வகுப்பில் இதைச் செய்யமாட்டேன். அங்கே வினைவடிவமே இன்னும் நிலைக்கவில்லை.

டியூஷன் குறிப்புகள், கைபேசிப் பயிற்சிகள் பற்றிக் கேட்பார்கள். அவை வாய்பாட்டின் அச்சிட்ட வடிவங்கள். கூடுதலாக எதுவும் இல்லை.

எனவே என் தேர்வு இது. முழுத் தவணை கையில் இருந்தால் ஸ்டோரில் தொடங்குவேன், வாடு-வாட்டு சோதனையை நடுவில் வைப்பேன், வாய்பாட்டைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் எடுப்பேன். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வாரமே இருந்தால் வாய்பாடுதான். அப்போது கொள்கை பேசுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போகத் தயாராகும் இளைஞர்களுக்கு மூன்றுமே தேவையில்லை. அறிவித்தல் பலகைகளை வாசிக்கக் கொடுத்தால் ஒரு மாலையில் பிடித்துக்கொள்வார்கள். 'படு' என்றால் 'வாஸ்' என்ற குறுக்குவழியை மட்டும் எந்த வகுப்பிலும் இனி எடுப்பதாக இல்லை.

மூன்று வழியிலும் அடங்காத ஒன்று மிச்சமிருக்கிறது. 'பீயிங்'. தமிழில் 'திருத்தப்படுகிறது' என்ற ஒரே சொல், வழக்கமாக நடப்பதற்கும் இப்போது நடந்துகொண்டிருப்பதற்கும் பொருந்துகிறது; ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. உதாரணத்துக்கு எங்கள் வீதியோரத்துப் பலகையைக் காட்டினேன்: வீதி திருத்தப்படுகிறது, 'இஸ் பீயிங் ரிப்பேர்ட்'. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். "அந்தப் பலகை நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோதே இருந்தது, டீச்சர். 'பீயிங்' வேண்டாம். 'இஸ் ரிப்பேர்ட்' போதும்."