சத்தம் அடங்கினாலும் அழுத்தம் அடங்குவதில்லை: காற்றழுத்த டயாஃப்ரம் பம்புடன் சில ஆண்டுகள்

பெயின்ட் தயாரிக்கும் இடத்தில் தின்னரையும் ரெசினையும் பேரலிலிருந்து கலவைத் தொட்டிக்கு ஏற்ற, காற்றில் இயங்கும் இரட்டை டயாஃப்ரம் பம்புகளைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். டயாஃப்ரம் என்பது வளைந்துகொடுக்கும் சவ்வு. மோட்டார் கிடையாது. கம்ப்ரஸர் காற்று ஒரு பக்க டயாஃப்ரமைத் தள்ளும்போது, அதே தண்டில் கோத்திருக்கும் மறுபக்க டயாஃப்ரம் பின்னுக்கு இழுபட்டுத் திரவத்தை உறிஞ்சும். உடனே காற்று வால்வு பக்கம் மாற்றிவிடும். 1955-இல் ஜிம் வில்டன் உருவாக்கிய இந்த ஏற்பாட்டின் அடிப்படை இன்றும் அப்படியே இருக்கிறது.

இதைப் போலப் பொறுமைசாலியான பம்பை நான் பார்த்ததில்லை. பேரல் காலியாகி வெறுமனே ஓடினாலும் பெரிதாகக் கெடாது. வெளியேறும் வால்வை மூடினால் தானாக நிற்கும், திறந்தால் தானாக ஓடும். என் குறையும் இங்கேதான் தொடங்குகிறது. நிற்கும் பம்பை அணைந்த பம்பு என்று நம்பிவிடுகிறார்கள். காற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் 6 பார் அழுத்தம் வைத்திருந்தால், சத்தமில்லாமல் நிற்கும் அந்தப் பம்புக்குள் திரவமும் ஏறக்குறைய 6 பாரில்தான் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஹோஸ் கிளாம்பைத் தளர்த்தினால் தின்னர் முகத்தில்தான் பீய்ச்சும்.

ஆகவே எங்களிடம் வரிசை மாறக் கூடாது. முதலில் காற்று வரும் வால்வை மூட வேண்டும். அது, மூடியதும் உள்ளே சிக்கிய காற்றைத் தானே வெளிவிடும் வகையாக இருப்பது நல்லது. பிறகு வெளியேறும் வால்வைத் திறந்து அழுத்தத்தைத் தொட்டிக்குள் இறக்க வேண்டும். கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடலாம். அப்போதும் முகக் கவசத்தைக் கழற்றக் கூடாது. திரவத்தைத் திரும்பி வரவிடாமல் தடுக்கும், பம்புக்குள் இருக்கும் பந்து வால்வுகளுக்கு மேலே குழாயில் நிற்கும் திரவம் எந்தக் கேஜையும் கேட்டுக்கொண்டு இறங்குவதில்லை. போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, கசிவு ஓயும்வரை பொறுப்பது என் வழக்கம்.

பனிக்கட்டி இதைவிடத் தந்திரமானது. வெளியேறும் காற்று சட்டென விரிவதால் குளிர்கிறது. அதிலுள்ள ஈரம் சைலன்சரில் உறைந்து அடைக்கிறது. பம்பு மெல்லத் தளர்ந்து நிற்கும். என்னவென்று குனிந்து பார்க்கும் நேரத்தில் பனி உருகி மறுபடி ஓடத் தொடங்கும். உலர்த்திய காற்றைக் கொடுப்பதும், அழுத்தத்தைக் குறைத்து நிதானமாக ஓட்டுவதும்தான் மருந்து.

டயாஃப்ரம் தேயும் பொருள். என்றாவது கிழியத்தான் செய்யும். கிழிந்தால் திரவம் காற்றுப் பக்கம் புகுந்து சைலன்சர் வழியாக வெளியே கொட்டும். அதற்கு முன்பே சில வேளை அறிகுறி தெரியும்: தொட்டியில் விழும் தின்னரில் காற்றுக் குமிழ்கள், சைலன்சரின் ஓரத்தில் பிசுபிசுவென்று ஈரம். இந்த இரண்டையும் பார்த்தால் நாங்கள் உடனே நிறுத்திவிடுகிறோம். ஆபத்தான திரவம் என்றால் வெளியேறும் காற்றைக் குழாய் வைத்துப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: உறிஞ்சும் தொட்டி பம்பைவிட உயரத்தில் இருந்தால், அந்தக் குழாயின் வாய் தொட்டியின் திரவ மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால், டயாஃப்ரம் கிழிந்த அன்று தொட்டி முழுவதும் அதன் வழியே தரைக்கு வந்துவிடும்.

மின்சாரமே இல்லாத பம்புக்கு எர்த் எதற்கு என்று இன்னும் கேட்கிறார்கள். ஹோஸில் ஓடும் தின்னரே நிலைமின்னூட்டத்தை உண்டாக்குகிறது. ஒரு பொறி போதும். பம்பு, பேரல், தொட்டி மூன்றையும் இணைத்து எர்த் செய்ய வேண்டும், ஹோஸும் மின்கடத்தும் வகையாக இருக்க வேண்டும். கிளிப்பின் பற்கள் பேரலின் பெயின்ட்டைக் கீறி உலோகத்தைக் கவ்வ வேண்டும். காய்ந்த ரெசின் பூசிய கிளிப் வெறும் அலங்காரம். சாதாரண பாலிபுரொப்பிலீன் பம்புக்கு எர்த் செய்ய வழியில்லை என்பதால் தின்னர் பக்கமே அதை அண்டவிடுவதில்லை. அலுமினியப் பம்பில் மெத்திலீன் குளோரைடு போன்ற குளோரின் கலந்த கரைப்பான்களை ஓட்டவே கூடாது. வினை மூண்டு பம்பு வெடிக்கலாம்.

டயாஃப்ரம் பொருளை மலிவு பார்த்து எடுக்காதீர்கள். இபிடிஎம் ரப்பர் எண்ணெய்களிலும் பெட்ரோலியக் கரைப்பான்களிலும் ஊதிப்போகும். எங்கள் தின்னருக்கு டெஃப்லான்தான் தாங்குகிறது, ஆனால் விறைப்பானது. உறிஞ்சும் திறன் குறைகிறது. அழுத்தத்தில் அது மெல்லப் பிதுங்கும் என்பதால் போல்ட்டுகளை, பம்பு குளிர்ந்து அழுத்தமின்றி இருக்கும்போது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் அவ்வப்போது சரிபார்க்கிறோம்.

குறைகள் என்றால் இரைச்சலும் காற்றுச் செலவும்தான். காதுக் கவசம் இல்லாமல் பக்கத்தில் நிற்க முடியாது. நாள் முழுக்கத் தண்ணீர் மட்டும் ஏற்ற வேண்டிய வேலைக்கு இதை நான் வாங்க மாட்டேன்; அழுத்தக் காற்றை உண்டாக்க ஆகும் மின்சாரத்துக்குச் சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்பே மேல். கெட்டியான ரெசினுக்கும் தீப்பற்றும் கரைப்பானுக்கும் என்றால் மறுபடியும் இதையே கேட்பேன்.