ஐந்தா, பதினைந்தா?

ஏற்காட்டுக்குப் போனது அம்மாவோடு மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு வரத்தான். அதில் மூன்று நாள் மலையிறங்கி ஏறுவதிலேயே போயிற்று. எல்லாம் ஓர் எண்ணால் வந்த வினை.

நான் லண்டனிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய மாதம் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிளேட் வைத்தார்கள். சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காப்பீட்டுக்குத் தாள்களை அடுக்கும்போதுதான் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தேன்: சர்க்கரை நோய், 15 ஆண்டுகளாக. அம்மாவுக்குச் சர்க்கரை வந்தே ஐந்து ஆண்டுகள்தான் ஆகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு முன் பாலிசி எடுத்தபோது, ஓராண்டாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தோம். இந்தப் பதினைந்தைப் பார்ப்பவர் நாங்கள் மறைத்துவிட்டோம் என்றுதானே நினைப்பார்?

"வலியில் என்ன சொன்னேனோ, கண்ணு" என்றார் அம்மா.

முதல் நாள், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கிப் போனேன். வரவேற்பு, பில் கவுண்டர், கடைசியில் கீழ்த்தளத்தில் ஆவண அறை. அங்கிருந்த பெண் "உட்காருங்கள் அக்கா" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு, பால்பாயிண்ட் பேனாவால் அந்த '1'ஐ அடிக்கப் போனார். சட்டென்று தாளை இழுத்துக்கொண்டேன். கையால் கிறுக்கிய தாள் தப்பான தாளைவிட மோசம். கணினியிலோ பதினைந்து அப்படியே இருக்கும். "அப்படியானால் டாக்டர்தான் மாற்ற வேண்டும், அக்கா" என்றார். நியாயம்தான். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார்.

அன்று இரவு அம்மாவின் மஞ்சள் பையைக் கொட்டினேன். மின்கட்டண ரசீதுகளுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே கிடைத்தது, 2019இல் கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள். வெறும் வயிற்றில் சர்க்கரை 92, இயல்பான அளவு. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாம் நாள் அதன் நகலோடு அம்மா கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்து, இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை வாங்கினேன். சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய கேஸ் ஷீட்டின் நகலும் கேட்டிருந்தேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் திருத்தம் கோரும் உரிமையைப் பேசுகிறது. கவுண்டரில் நான் சட்டம் பேசவில்லை. முத்திரை போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் 2019 தாளை அரை நிமிடம் பார்த்தார். கேஸ் ஷீட்டில் 15இன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் 5 என்று எழுதி, கையெழுத்து, தேதி, நேரம். பிறகு கணினியிலிருந்து 'திருத்தப்பட்டது' என்ற குறிப்போடு, காரணம் ஒரு வரியில் சொல்லும் புதிய சம்மரி. எல்லாம் பத்து நிமிடம். வார்டிலிருந்து கிளம்பும் முன் யாராவது அந்தத் தாளைப் படித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அம்மாவை அழைத்து வந்த என் தம்பியிடம் இதைச் சொல்லிக்காட்டாமல் இருக்க முடியவில்லை.

லண்டனில் என் மருத்துவக் குறிப்பில் இருந்த ஒரு பிழைக்காக எழுதிக் கேட்டபோது, சட்டப்படி ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது, கண்ணியமான மின்னஞ்சலாக. இங்கே யாரும் எழுத்தில் பதில் தரவில்லை; ஆனால் எழுதியவரையே நேரில் பார்த்துக் கேட்க முடிந்தது. எனக்கு இதுவே பிடித்தது, பஸ் கட்டணத்தையும் தலைசுற்றலையும் சேர்த்துச் சொல்கிறேன்.

"பழையதைக் கிழித்துவிடலாமா?" என்று அம்மா கேட்டார். வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பதினைந்தைத் தனியாகச் செய்தித்தாளில் மடித்து, பையின் அடியில் செருகினார்.