அரசு மானியமா, எண்ணெய்ப் பணமா: விஞ்ஞானியை எது வளைக்கிறது?

காலநிலை விஞ்ஞானிகள் புவி சூடாகிறது என்று பயமுறுத்தினால்தான் அவர்களுக்கு அரசு மானியம் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் மானியம் ஆய்வு தொடங்கும் முன்பே ஒதுக்கப்படுவது. கருவிகள், ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை போன்ற ஆய்வுச் செலவுகளுக்கு அது போய்விடும். எந்தத் தலைப்புக்குப் பணம் என்பதில் அரசின் கை இருக்கிறது, அது உண்மைதான்.

எண்ணெய்ப் பணத்தைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். எக்ஸான் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகளே 1970களின் இறுதியிலிருந்து புவி சூடாவதைத் துல்லியமாகக் கணித்து வந்தார்கள். நிறுவனமோ வெளியே சந்தேகத்தைப் பரப்பியது. அளவீடு நேராகவே இருந்தது. பணம் பேச்சைத்தான் வளைத்தது.

அப்புறம் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர். புவி வெப்பநிலை பற்றிய அவருடைய பெர்க்லி ஆய்வுக்கு, எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் 1,50,000 டாலர் தந்தது. சந்தேகத்தோடு தொடங்கியவர், புவி சூடாவது உண்மை, காரணம் மனிதர்களே என்று 2012இல் வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.