4,800 வெள்ளி கொடுத்துத் தாடையைக் கெடுத்துக்கொண்ட கதை

நேற்றுதான் பயாப்சி (துளி சதை எடுத்துச் செய்யும் சோதனை) முடிவு வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு இடது கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் பக்கம், ஒரு வீக்கம். வலியே இல்லை, வலித்திருந்தால் முன்னாடியே ஓடியிருப்பேன். பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்திலிருக்கும் தனியார் பல் மருந்தகத்துக்குப் போனேன். பெயர் சொல்லப்போவதில்லை, வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதத் தெம்பில்லை.

டாக்டர் தமிழில் பேசினார். அங்கேதான் விழுந்தேன். எக்ஸ்ரேயில் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக இருந்த இடத்தை விரலால் சுற்றிக் காட்டி, "வெறும் நீர்க்கட்டிதாண்ணே, சுரண்டி எடுத்துட்டா முடிஞ்சது" என்றார். கூட வந்த அம்மாவும் "நம்ம புள்ளைடா, நல்லா பாத்துக்கும்" என்று சொல்ல, கையெழுத்துப் போட்டேன். 4,800 வெள்ளி, கார்டில் ஒரே தடவையில். எடுத்த சதையை ஆய்வகத்துக்கு அனுப்பினாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் அனுப்பவும் இல்லை.

14 மாதம் கழித்து அதே இடம், அதே வீக்கம், இன்னும் பெரிதாக. போன் போட்டால் "டாக்டர் லீவு, ஈமெயில் அனுப்புங்க". அனுப்பினேன். 9 நாள் கழித்துப் பதில்: கட்டி திரும்ப வரலாம் என்று ஒப்புதல் படிவத்திலேயே இருக்கிறதாம். நேரில் போனால், மறுபடி சுரண்டலாம், பத்து விழுக்காடு தள்ளுபடி என்கிறார்கள். தள்ளுபடியாம், தீபாவளிச் சேலையா வாங்க வந்தேன்?

அப்புறம் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்குப் போனேன். அங்கே முதல் வேலையாகத் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அமெலோபிளாஸ்டோமா. பல் எனாமலை உண்டாக்கும் செல்களின் வழி வரும் கட்டி, புற்றுநோய் இல்லை, ஆனால் எக்ஸ்ரேயில் தெரிகிற எல்லையையும் தாண்டி எலும்புக்குள் ஊடுருவியிருக்குமாம். சுரண்டினால் மிச்சம் நின்று திரும்ப வளரும். அதனால் சுற்றிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டும், அந்த இடத்தை அடைக்க முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து வைப்பார்களாம். ஒற்றைப் பை மாதிரி வரும் வகையில் சிலருக்குச் சுரண்டலே போதுமாம். சரி, எந்த வகை என்று தெரிந்துகொள்ளத்தானே ஐயா சோதனை! 4,800 வெள்ளி வாங்கியவருக்கு அது தெரியாதா?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. தாடையில் கட்டி என்றால் பயாப்சி இல்லாமல் கத்தி வைக்க விடாதீர்கள். எடுத்த சதைக்கு ஆய்வக அறிக்கை கேட்டு வாங்குங்கள், எக்ஸ்ரே நகலையும். தமிழில் பேசுகிறார் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த 4,800 வெள்ளியைக் கேட்டு இன்று காலையும் போன் போட்டேன். டாக்டர் லீவாம்.