எல்ஸ்மியரிலிருந்து லாங்கோலன் வரை: வாடகைப் படகுப் பயணம் ஒரு மதிப்பீடு

வேலூரிலிருந்து இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், லண்டனைச் சுற்றியது போக மீதியுள்ள நாட்களுக்கு ‘நேரோபோட்’ எனப்படும் ஒடுங்கிய கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுப்பதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஓட்டுவதற்கு உரிமம் தேவையில்லை. வேக வரம்பே மணிக்கு 4 மைல்தான். ஏழடிக்கும் சற்றுக் குறைவான அகலத்துக்குள் அடுப்படி, படுக்கை, குளியலறை எல்லாம் அடங்கிவிடுவதால், ஒருவர் தோசை வார்க்கும்போது மற்றவர் கடந்து செல்ல வேண்டுமானால் அவர் ஒதுங்கி வழிவிட்டாக வேண்டும்.

முதன்முறை செல்வோருக்கு ஷ்ரோப்ஷயரின் எல்ஸ்மியரில் தொடங்கி வேல்ஸில் உள்ள லாங்கோலன் வரை செல்லும் வழி மிகவும் ஏற்றது. ஏனெனில், இவ்வழியில் நியூ மார்ட்டன் என்னுமிடத்தில் உள்ள இரண்டு லாக்குகளை மட்டுமே கடக்க வேண்டியிருக்கும். லாக் என்பது இருபுறமும் கதவுகள் கொண்ட கல்தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, கைப்பிடியைச் சுழற்றி நீரை நிரப்பினால் படகு மேலேறும், வடித்தால் கீழிறங்கும். காவேரிப்பாக்கம் பக்கம் ஏரி மதகைத் திருகித் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இவ்வேலை உடனே பிடிபடும். திரும்பி வரும்போதுதான் கவனம் மிகுதியாகத் தேவை: மேல் கதவின் அடியில் கல்திண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, நீர் வடிகையில் படகின் பின்பகுதி அதன்மேல் தங்கிவிட்டால், முன்பகுதி சரிந்து படகே மூழ்கக்கூடும். படகின் பின்பகுதி, சுவரில் தீட்டியுள்ள வெள்ளைக் குறியைத் தாண்டிக் கீழ்க் கதவுப் பக்கமாக இருக்கும்படி நிறுத்திக்கொள்வது கட்டாயம்.

நாங்கள் படகெடுத்த நிறுவனத்தின்மீது எனக்குள்ள மனக்குறையும் இதைப் பற்றியதே. எஞ்சின், எரிவாயு, கழிவறைத் தொட்டி ஆகியவற்றைப் பொறுமையாக விளக்கியவர்கள், லாக்கை மட்டும் படத்தில் காட்டி அனுப்பிவிட்டார்கள். உயிர் சம்பந்தப்பட்ட பாடத்தை நேரில் செய்துகாட்டியிருக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் முகப்பு வலப்பக்கம் திரும்பும் என்பது சீக்கிரம் கைக்கு வந்துவிடும். அந்நாட்டவர் சாலையில் நம்மைப் போல இடப்பக்கமே செல்கிறார்கள். கால்வாயில் எதிர்ப்படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதுதான் நெடுநேரம் குழப்புகிறது. கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்காவிட்டால் அலையில் அவற்றின் கயிறுகள் இழுபடும். அப்படகுகளில் குடியிருப்போர் கோபிப்பது நியாயமே.

இவ்வழியின் சிகரம் பொன்ட்கசில்தே நீர்ப்பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805இல் திறக்கப்பட்டு, 2009இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இது, டீ ஆற்றுக்கு 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு, இரும்புத் தொட்டியில் கால்வாயைத் தாங்கிச் செல்கிறது. நடைபாதை உள்ள பக்கத்தில் கம்பித்தடுப்பு உண்டு. மறுபக்கத்தில் தொட்டியின் விளிம்பைத் தவிர வேறெதுவும் இல்லை. நின்று ஓட்டுபவரின் காலருகே நேராகப் பள்ளத்தாக்கு தெரியும். குழந்தைகளை உள்ளே அமர்த்திவிடுவதே நல்லது.

பள்ளி விடுமுறையான ஆகஸ்டில் வாடகையும் நெரிசலும் கூடுதல். மே மாதம் தோதானது, ஆனால் இரவில் குளிரும். கம்பளிச் சட்டையும் ஒரு புட்டி புளிக்காய்ச்சலும் எடுத்துச் செல்லுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் லாக் வேலையை இளையவர்களிடம் விட்டுவிட்டுச் சுக்கானைப் பிடிக்கலாம்.