"நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அக்கா" என்று சொல்லி ரூ.46,800 வாங்கியவர்கள்: மார்பக அறுவை செய்துகொள்ளும் பெண்கள் இதைப் படியுங்கள்

நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரமாக இந்த எண்ணைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். இன்று அறுவை முடிந்து பதினோராம் நாள். போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை செய்துகொண்டேன். ஏன் என்று கேட்பவர்கள் இந்த வரியோடு திரும்பிப் போகலாம். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்த உடம்பு, நானே சம்பாதித்துச் சேர்த்த பணம். வேறு யாருக்கும் இதில் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் மீதும் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். முடித்தவர். சிலிகான் இம்பிளாண்ட், 275 சி.சி., தசைக்கு அடியில் வைக்கப்போகிறோம், அதனால் முதல் வாரம் கடினமாக இருக்கும் என்று படம் வரைந்தே விளக்கினார். அவர் சொன்னபடிதான் இருந்தது.

என்னை ஏமாற்றியது வேறு இடம். அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பை 'பேக்கேஜ்' என்று கட்டி விற்கும் ஒரு செயலி.

கணவர் தோஹாவில் இருக்கிறார். பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்குக் காரைக்குடியில் மாமியார் வீட்டில் விட்டிருந்தேன். மாமியாரிடம் பித்தப்பையில் கல், ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன். (அன்றிலிருந்து தினமும் காலையில் போன் செய்து வாழைத்தண்டுச் சாறு குடித்தாயா என்று கேட்கிறார். அது சிறுநீரகக் கல்லுக்கு அத்தை என்றால், எந்தக் கல்லானாலும் கரையும் என்கிறார்.) அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. ஆக, வேளச்சேரி வீட்டில் நான் மட்டும். யார் என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு நள்ளிரவில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

மறுநாள் ஒரு பெண் போனில் பேசினாள். குரலில் அப்படி ஒரு கனிவு. எடுத்த எடுப்பில் விலையைச் சொல்லவில்லை. "வீட்டில் யாருக்குத் தெரியும் அக்கா?" என்றுதான் கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றேன். ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "கவலைப்படாதீர்கள் அக்கா, பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். பார்சல் மேல் எதுவும் எழுதியிருக்காது. பில்லில்கூட 'உடல்நலத் துணைப்பொருட்கள்' என்றுதான் போடுவோம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல் மனத்துக்குள் சுமந்துகொண்டிருந்ததை முன்பின் தெரியாத ஒருத்தி பாதியில் வாங்கிக்கொண்டது போல் இருந்தது. பத்து நாள் பகலும் இரவும் பயிற்சி பெற்ற நர்ஸ், சரியான அளவில் இரண்டு சர்ஜிக்கல் பிரா, சாய்வுத் தலையணை, எந்நேரமும் பேசக்கூடிய உதவி எண். எல்லாம் சேர்த்து 46,800, இன்றைக்குள் கட்டினால் மட்டும் இந்த விலை என்றாள். போனை வைப்பதற்குள் பணம் போய்விட்டது. காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவள் நான்.

அறுவை முடிந்த மறுநாள் வீட்டுக்கு வந்தேன். தலையணை வரவில்லை. பிரா வந்திருந்தது: அடியில் கம்பி வைத்தது, பின்பக்கம் கொக்கி. எனக்குத் தையல் இருப்பது மார்பின் அடி மடிப்பில், கம்பி நேராக அதன் மேல்தான் உட்காரும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவே முடியாதவள் பின்கொக்கியை எப்படி மாட்டுவது? முன்பக்கம் திறக்கும், கம்பியில்லாத பிராதான் வேண்டும் என்று மருத்துவமனைத் தாளில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தத் தாளை இவர்களுக்கு அனுப்பியும் இருந்தேன்.

நர்ஸ் என்று வந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. முந்தின மாதம் வரை ஒரு ஜவுளிக்கடையில் நின்றதாக அவளே சொன்னாள். நாடி பார்க்கத் தெரியாது. இரண்டாம் நாள் "நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிடட்டுமா அக்கா" என்று ஆசையாகக் கேட்டாள். நல்லவேளை, வேண்டாம் என்றேன்.

அந்த மூன்று நாட்களை இதைச் செய்துகொள்ளாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போன்ற இறுக்கம். காலையில் கண் விழிக்கும்போது அது இன்னும் கூடுதல். நாம் எதையெல்லாம் நெஞ்சுத் தசையால் செய்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும்: பிரிட்ஜ் கதவைத் திறப்பது, பாட்டில் மூடியைத் திருகுவது, கட்டிலில் கையூன்றி எழுவது. தலைப்பக்கம் உயர்த்தி மல்லாந்துதான் தூங்க வேண்டும். அதற்குத்தான் அந்தத் தலையணை. வராத தலையணைக்குப் பதிலாக பீரோவிலிருந்த கம்பளிகளை மடித்து அடுக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல், வலப்பக்கம் மட்டும் திடீரென்று இறுகத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் இடப்பக்கத்தைவிடப் பெரிதாகி, தோல் மினுமினுவென்று இழுபட்டு, ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் ஏறியது. உதவி எண்ணுக்கு அழைத்தேன். முதல் முறை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் முறை ஓர் ஆண் குரல். "வீக்கம் சகஜம்தான் மேடம். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், காலையில் பார்க்கலாம்." ஒரு பக்கம் மட்டும் வீங்குகிறது என்றேன். "எல்லாருக்கும் அப்படித்தான் மேடம்." டாக்டரை அழைக்கட்டுமா என்று கேட்டேன். "இந்த நேரத்தில் அவரை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்." அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தோடு அடுப்பில் வெந்நீர் வைக்கப் போய்விட்டாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, மேல்வீட்டு அக்காவை அழைத்தேன். அதுவரை அவருக்கும் எதுவும் தெரியாது. நைட்டியோடு இறங்கி வந்து ஒரு பார்வை பார்த்தார். மருத்துவமனைத் தாளின் அடியில் இருந்த எண்ணை அவரே அழுத்தினார். மருத்துவர் இரண்டாவது மணியில் எடுத்தார். "உடனே கிளம்பி வாருங்கள். தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம்." ஆட்டோவில் போனோம். வழியிலிருந்த ஒவ்வொரு வேகத்தடையையும் இன்றைக்கும் எண்ணிச் சொல்வேன்.

உள்ளே இரத்தம் கட்டியிருந்தது. மறுபடியும் மயக்கம் கொடுத்து, தையலைத் திறந்து, உறைந்த இரத்தத்தை எடுத்து, மிச்சம் வடிவதற்கு இரண்டு நாள் குழாய் வைத்திருந்தார்கள். அதற்கான செலவு தனி. மருத்துவர் பிறகு சொன்னார்: இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வீங்குவது சகஜம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருத்துக் கல்லாக இறுகினால் காத்திருக்கவே கூடாது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருந்தால் இரத்தப்போக்கு கூடியிருக்கும். அந்தத் தோலில் உணர்ச்சியும் குறைந்திருக்கும் என்பதால் வெந்துபோனால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

இனி 46,800 ரூபாயின் கதை. மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே புகார் அனுப்பினேன். "எழுபத்திரண்டு மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." கொள்ளவில்லை. திரும்ப அழைத்தால், மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார். அடுத்த நாளும் அதே மீட்டிங். பிராவைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உள்ளாடை என்பதால் சுகாதாரக் காரணங்களுக்காக முடியாதாம். அளவு தவறு என்று நிரூபிக்க, அதை அணிந்தபடி ஒரு புகைப்படம் அனுப்பச் சொன்னார்கள். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். என் மார்பின் படத்தை, பெயர்கூடத் தெரியாத ஒரு வாட்ஸ்அப் எண்ணுக்கு.

நர்ஸ் பற்றிக் கேட்டபோதுதான் உச்சம். "நர்ஸ் என்று நாங்கள் எங்கே சொன்னோம் மேடம்? பில்லைப் பாருங்கள்." பார்த்தேன். 'உடல்நலத் துணைப்பொருட்கள் - 1 - ரூ.46,800'. அவ்வளவுதான். என் மானத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அவள் இனிக்க இனிக்கப் பேசிப் போட்டுக்கொடுத்த அதே பில். நர்ஸ் இல்லை, தலையணை இல்லை, பத்து நாள் இல்லை, எதுவும் இல்லை. கடைசியாக அடுத்த முறைக்கு இரண்டாயிரம் ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த முறை! நேற்றிலிருந்து என் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும்தான் விழுகிறது.

நான் வாய் திறக்க மாட்டேன் என்பதில்தான் இவர்களுடைய வியாபாரம் நடக்கிறது. "வீட்டில் யாருக்குத் தெரியும்" என்ற அந்த முதல் கேள்வி அக்கறையில் வந்ததல்ல, ஆழம் பார்த்தது. அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் 2018இலேயே மார்பக அழகுச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கினார்கள். அரசாங்கத்துக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். கை வலிக்கிறது. வீட்டுக்கு வரும் நர்ஸிடம் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, அதனதன் பெயரில் இருக்க வேண்டும். பிராவை மருத்துவரிடம் கேட்டு சர்ஜிக்கல் கடையில் வாங்குங்கள், எனக்கு அங்கே 1,650 ரூபாய்க்குக் கிடைத்தது. மருத்துவரின் எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள், நடுராத்திரி என்று தயங்காதீர்கள். உள்ளே வைத்தது எந்த நிறுவனத்தின் எந்த வகை என்று குறித்து மருத்துவமனை தரும் இம்பிளாண்ட் அட்டையை யாரிடமும் கொடுக்காதீர்கள். 2019இல் அலர்கன் (Allergan) நிறுவனம் பயோசெல் என்ற சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்பிளாண்ட் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது; அப்படி ஒன்று நடந்தால், தன் உடம்புக்குள் இருப்பது எது என்று பார்க்க அந்த அட்டைதான் உதவும் என்கிறார் மருத்துவர். ஒரு மனுஷிக்காவது உண்மையைச் சொல்லி வையுங்கள்.

1915 நுகர்வோர் எண்ணில் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது என்று மேல்வீட்டு அக்கா கண்டுபிடித்திருக்கிறார். 46,800ஐ விடப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் பிள்ளைகளோடு வருகிறார். பித்தப்பைக் கல்லை டாக்டர் குப்பியில் போட்டுக் கொடுத்திருப்பாரே, எடுத்து வை, பார்க்க வேண்டும் என்கிறார். அதற்கு என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.