கையால் செஞ்ச மாண்டலின் வாங்குறீங்களா? கழுத்து ஜாயிண்டைப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க

மதுரைக்கு வெளியே ஒரு பட்டறை. பேர் போடல. "கழுத்து டவ்டெயில் ஜாயிண்ட் சார், வச்சிரம் காய்ச்சித்தான் ஒட்டுவோம்"னு பட்டறைக்காரர் சொல்லி, அதுக்குன்னே தனியா காசு வாங்கினார். (டவ்டெயில்னா, கழுத்துல நுனி அகலமா ஒரு நாக்கு செதுக்கி, பாடியில அதே வடிவக் குழியில செருகுறது. வச்சிரம்னா தோல், எலும்புல காய்ச்சுற பசை.) பலா மரப் பாடி, பாலிஷ் எல்லாம் குறை சொல்ல முடியாது.

கத்திரி வெயில்ல கம்பி எழும்ப ஆரம்பிச்சது. 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்துக்குக் குறுக்க பதிச்ச மெட்டு) மேல அழுத்தினா சுருதி ஏறிடுது. கம்பியைத் தாங்குற பிரிட்ஜோட உயரம் மாத்துற சக்கரத்தை அடிவரைக்கும் இறக்கியும் சரியாகல. போன் பண்ணினா, "வெயிலுக்கு மரம் அப்படித்தான் சார், ட்ரஸ் ராடைத் திருகுங்க"ங்கிறார். ட்ரஸ் ராடுங்கிறது கழுத்துக்குள்ள ஓடுற இரும்புத் தண்டு, கழுத்து வளைஞ்சா அது நிமிர்த்தும். ஜாயிண்டே விட்டுப்போனா அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஃப்ரெட் மேல ஸ்டீல் ஸ்கேல் வச்சுப் பாருங்க: கழுத்து நேரா இருந்தும் ஸ்கேல் நுனி பிரிட்ஜ்ல முன்னைவிடக் கீழே போய் இடிச்சா, ஜாயிண்ட்தான் கோளாறு. என்னுதுல கழுத்தோட அடியில விசிட்டிங் கார்டே நுழைஞ்சது.

மாண்டலின் சின்னதுதானேன்னு நினைக்காதீங்க. நாலு ஜோடியா எட்டுக் கம்பி சேர்ந்து இழுக்குறது சுமார் 70, 80 கிலோ வரும். (யு. ஸ்ரீநிவாஸ் வாசிச்ச எலெக்ட்ரிக் மாண்டலின்ல ஒத்தைக் கம்பி அஞ்சுதான், அது வேற கணக்கு.)

கித்தார் ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட கொண்டுபோனேன். டவ்டெயில்ல நாக்கு நுனிக்கும் குழிக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கும். ஒரு ஃப்ரெட்டைக் கழட்டி, அங்க சின்ன ஓட்டை போட்டு ஆவி ஏத்தினா வச்சிரம் இளகிடும். குக்கர்ல ஹோஸ் மாட்டி ரெடியா வச்சிருந்தார். டிரில் எவ்வளவு இறங்கினாலும் கெட்டி மரம்தான் வருது. கடைசியில சூடுகாட்டி, பிளேடு விட்டுப் பிரிச்சார். நாக்கும் இல்ல, குழியும் இல்ல. தட்டையா அறுத்து எபாக்சி தடவி, பின்பலகை மூடுறதுக்கு முன்னாடியே உள்ளேயிருந்து ரெண்டு மர ஸ்க்ரூ ஏத்தி, தலை தெரியாம வெனீர் ஒட்டியிருக்காங்க. ஸ்க்ரூ இறங்கினது கழுத்து மரத்தோட வெட்டுமுனையில, அதாவது நார் குறுக்கா அறுபட்ட பக்கத்துல. அங்க பசையும் பிடிக்காது, ஸ்க்ரூவும் நிக்காது.

டவ்டெயில்தான் உசத்தின்னு நான் சொல்லல. கழுந்து (நேரா வெட்டின நாக்கு) வச்சு மெஷின் போல்ட் போட்டா நல்லாவே தாங்கும், பின்னால கழட்டி கோணம் மாத்துறதும் சுலபம். லூசா வெட்டிப் பசையால ரொப்பின டவ்டெயிலுக்கு அது எவ்வளவோ மேல். போல்ட்டுன்னு சொல்லியிருந்தா சந்தோஷமா வாங்கியிருப்பேன்.

ஒட்டுறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாருங்க. பசை இல்லாமலே கழுத்து இறுகி உட்காரணும், ஆட்டினா அசையக் கூடாது. நாக்குல சுண்ணக்கட்டி தடவிச் செருகிக் கழட்டச் சொல்லுங்க. குழியோட ரெண்டு பக்கமும் வெள்ளை சீரா ஒட்டியிருக்கணும். அங்கங்க திட்டா இருந்தா இன்னும் செதுக்க வேண்டியிருக்கு.

பணம் கேட்டதுக்கு, "நீங்க கழட்டிட்டீங்க, இனிமே என் பொறுப்பில்ல"ன்னுட்டார். பிரிச்ச படங்கள் எல்லாம் என்கிட்ட இருக்கு. இந்தப் பக்கம் மாண்டலினுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டுக் காத்திருக்கிறவங்க, பின்பலகை மூடுறதுக்குள்ள பட்டறைக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்க.